பிரதி எடுத்தீர்களா?

2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ஆம் தேதி ஆயுத பூஜை. அன்று தென்காசியிலும் குற்றாலத்திலும் செங்கோட்டையிலும் கடைக்குக் கடை, ஆபீஸுக்கு ஆபீஸ், கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரியும் கடலையும் படைத்துத் தீபாராதனை காட்டினார்கள். அதற்குப் பதின்மூன்றாம் நாள், அதாவது அக்டோபர் 14-ஆம் தேதி, அந்த யந்திரங்களில் பலவற்றை இயக்கி வந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் அளிப்பதை, அதைச் செய்து விற்ற மைக்ரோஸாப்ட் கம்பெனியார் நிறுத்திக்கொண்டார்கள். 2015-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதி வெளிவந்த தளம் அது. பத்து வருஷம் முடிந்ததும் கதவு சாத்தப்பட்டது.

மறுநாட் காலை என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. யந்திரம் வழக்கம்போல் விழித்தது; பில் அச்சாயிற்று; பத்திரம் தயாராயிற்று. ஆகவே இது நம்மைத் தொடாத விஷயம் என்று பெரும்பாலோர் எண்ணிவிட்டார்கள். அவ்வாறு எண்ணியது தவறு என்பதைச் சொல்வதும், அதைத் திருத்திக்கொள்ளப் புறப்படுகிறவர்கள் அவசரத்தில் அதனினும் பெரிய தவறு செய்துவிடாமல் தடுப்பதுமே இன்று நாம் எழுதுவதன் நோக்கம்.

குற்றாலத்து அருவியில் நீராடியவர்களுக்கு இவ்விஷயத்தை எளிதில் விளக்கிவிடலாம். பேரருவியில் வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கினால் போலீஸார் ஜனங்களை வெளியேற்றி விடுகிறார்கள். மலையின் மேலே மழை பெய்வது கீழே நிற்பவனுக்குத் தெரியாது. காவல் நிற்பவனுக்குத் தெரியும். 2024-ஆம் வருஷம் மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் நொடிப்பொழுதில் பெருகிய வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை வாரிக்கொண்டு போனதை இந்த ஜில்லா மறக்கவில்லை. காவலர் வீட்டுக்குப் போய்விட்ட பிறகும் அருவி அழகாகத்தான் விழும். தண்ணீர் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். காவல் இல்லை என்பது ஒன்றே வித்தியாசம். ஆதரவு முடிந்துபோன இயங்குதளம் காவலர் போய்விட்ட அருவி. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வோர் ஓட்டையும் இனி அடைபடாத ஓட்டை.

நமது பிரதேசத்தில் இதனால் பாதிக்கப்படுவோர் யார்? ரத வீதிக் கடைக்காரர், பத்திரம் எழுதுவோர், வருமான வரிக் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும் போட்டுத் தருவோர், கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர், சாரல் காலத்து மூன்று மாத வரும்படியில் வருஷம் முழுவதும் ஜீவிக்கும் குற்றாலத்து லாட்ஜ்காரர், செங்கோட்டையில் மரம் வாங்கி விற்போர், கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடிக்கும் அச்சகத்தார், பள்ளிக்கூடங்கள். இவர்களில் பெரும்பாலோர் யந்திரத்தை ஒரு முறை வாங்கினால் பழுதாகும் வரை வைத்துக்கொள்ளும் சிக்கனக்காரர்கள். அது குற்றமன்று, நற்குணமே. ஆனால் விண்டோஸ் 11-க்குரிய நிபந்தனைகள் அந்தச் சிக்கனத்தை மதிக்கவில்லை. நான்கு ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் போதா, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், அந்தக் கம்பெனியார் வெளியிட்ட ஜாபிதாவில் இடம்பெற்ற செயலியும் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய யந்திரங்களில் அநேகமாக எதுவும் இதில் தேறாது. ஓடக்கூடிய யந்திரத்தைக் குப்பையில் போடு என்று கடல் கடந்த ஒரு கம்பெனி நாள் குறிக்கிறது. நம்மூர்க் கடைக்காரன் கைக்காசைச் செலவிட வேண்டியிருக்கிறது. இதில் நமக்குள்ள வருத்தத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வருத்தப்பட்டுக்கொண்டு சும்மா இருப்பது பரிகாரம் ஆகாது.

இவ்விஷயத்தில் ஜனங்களிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. "ஓடுகிற வரை ஓடட்டும்" என்பது ஒரு கட்சி. "பழையது ஆபத்து, இன்றைக்கே மாற்று" என்பது மற்றொரு கட்சி. இரண்டும் பாதி உண்மை. இரண்டும் முழு ஆபத்து.

முதற் கட்சியாருக்கு 2017-ஆம் வருஷத்தை ஞாபகப்படுத்துகிறோம். அவ்வருஷம் மார்ச் 14-ஆம் தேதி விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியாயிற்று. இரண்டு மாதம் கழித்து, மே 12-ஆம் தேதி, அதே ஓட்டை வழியாக வானாகிரை என்னும் கொள்ளை மென்பொருள் புகுந்தது. சுமார் 150 தேசங்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட யந்திரங்கள் பூட்டப்பட்டன. பணயத் தொகை கொடுத்தால் திறப்போம் என்று திரையில் எழுதிக் காட்டியது. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குத் திருத்தம் அதுவரை கிடைக்கவில்லை. விபரீதம் விளைந்த பிறகே விதிவிலக்காக அளித்தார்கள். இதில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அன்று அதிகமாக அகப்பட்டவை எக்ஸ்பி யந்திரங்கள் அல்ல, விண்டோஸ் 7 யந்திரங்களே. அவற்றுக்குத் திருத்தம் இரண்டு மாதமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. மருந்து இல்லாதவனும் மருந்தை உண்ணாதவனும் ஒரே கதியை அடைந்தார்கள்.

நமது நாட்டிலும் பெரிய ஸ்தாபனங்கள் தப்பவில்லை. 2022-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கம்ப்யூட்டர்கள் இத்தகைய தாக்குதலுக்கு ஆளாகி, சுமார் இரண்டு வாரம் நோயாளிகளின் சீட்டுகளைக் கையால் எழுத நேர்ந்தது. தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே அந்தக் கதி என்றால் தென்காசிக் கடைக்காரர் எம்மாத்திரம்?

இனி, இரண்டாவது கட்சியாருக்கு வருவோம். "புதியது நல்லது" என்பது பொதுவில் சரி. ஆனால் புதுப்பிக்கும் செயலே ஆபத்தாக முடிந்ததுண்டு. 2018-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் கம்பெனியாரே வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, சிலருடைய யந்திரங்களில் ஆவணங்களையும் படங்களையும் அடியோடு அழித்துவிட்டது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நவம்பர் 13-ஆம் தேதிதான் திருத்தி மீண்டும் விட்டார்கள். அழிந்தது அழிந்தது. 2024-ஆம் வருஷம் ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்புக் கம்பெனியார் அனுப்பிய பிழையான ஒரு சிறு புதுப்பிப்பினால் உலகில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் நீலத் திரையோடு நின்றுபோயின. நமது விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். காவலுக்கு வந்தவனே வாசலை அடைத்த கதை இது.

பழைய யந்திரத்திலோ ஆபத்து இன்னும் அதிகம். சேமிப்பிடம் நிரம்பியிருக்கும், ஹார்டு டிஸ்க் தேய்ந்திருக்கும், பாதி வேலை நடக்கும்போது கரண்டு போகும். ஒன்பது வருஷம் அமைதியாக ஓடிய டிஸ்க், மணிக்கணக்கில் ஓய்வின்றிப் படித்தும் எழுதியும் உழைக்க நேரும் அந்த ஒரு நாளில்தான் உயிரை விடும்.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. மாற்றாமல் இருக்கவும் கூடாது. பிரதி எடுக்காமல் மாற்றவும் கூடாது. முதலில் பிரதி, அடுத்தது அப்பிரதியைச் சோதித்தல், மூன்றாவதாகவே மாற்றம். வரிசை மாறினால் காரியம் கெட்டுவிடும்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. இந்த ஜில்லாவிலேயே கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. பால்வண்ணநாதர் கோயில் கொண்ட அவ்வூரில் வரகுணராம பாண்டியர் சேர்த்து வைத்திருந்த ஏட்டுச் சுவடிகள் ஏராளமாக இருந்ததைக் கேள்வியுற்று மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் ஆவலோடு அங்கே போனார். போய்க் கேட்டபோது, பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடலாகாது என்று நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டதாகப் பதில் கிடைத்தது. இந்த வரலாற்றை அவர் தமது சுயசரிதையில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். எரித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், பக்தியோடுதான் எரித்தார்கள். புது ஓலையில் பெயர்த்து எழுதிவிட்டுப் பழையதை அக்கினிக்குக் கொடுத்திருந்தால் அதில் ஒரு பொருள் இருந்திருக்கும். எழுதுகிற வேலையை விட்டுவிட்டு எரிக்கிற வேலையை மாத்திரம் செய்தார்கள். அந்தச் சாம்பலில் எந்தெந்த நூல் போயிற்று என்று இன்று ஒருவராலும் சொல்ல முடியாது. பழைய யந்திரத்தைப் பிரதி எடுக்காமல் துடைத்துப் புதியது நிறுவுகிறவன் அந்த ஹோமத்தையே மறுபடியும் செய்கிறான்.

ஓலைக்கு ஆயுள் உண்டு என்பது நம் முன்னோருக்குத் தெரியும். தலைமுறைக்குத் தலைமுறை பெயர்த்தெழுதியதால்தான் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. பல ஊர்களில் பல பிரதிகள் இருந்த நூல் பிழைத்தது. ஒரே பிரதியாக இருந்த நூல் மாண்டது. 1981-ஆம் வருஷம் மே 31-ஆம் தேதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. வேறிடத்தில் அச்சுப் பிரதி இருந்தவற்றைப் பின்னர் மீண்டும் சேர்க்க முடிந்தது. வேறெங்கும் இல்லாத சுவடிகளைச் சேர்க்க வழியில்லை. எத்தனை பிரதி, எத்தனை இடத்தில் என்பதே அழிவுக்கும் பிழைப்புக்கும் உள்ள எல்லை.

நிற்க. பிரதி எடுப்பது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம். இதற்குப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை.

முதலாவது, எதை எடுப்பது என்று காகிதத்தில் ஜாபிதா எழுதிக்கொள்க. திரையில் தெரியும் கோப்புகள் மாத்திரம் போதா. டாலியில் கணக்குப் போடுவோர் அதன் தரவுக் கோப்புறையை எடுக்க வேண்டும். யந்திரத்தைத் துடைத்து நிறுவுவதாயின் முன்னதாக அதன் லைசென்ஸைத் திரும்ப ஒப்படைத்துவிட வேண்டும். இமெயில், பிரௌஸரில் சேமித்த பாஸ்வேர்டுகள், பிரிண்டரின் டிரைவர், டிஜிட்டல் கையெழுத்துச் சாவிக்குரிய மென்பொருள் எல்லாம் ஜாபிதாவில் ஏற வேண்டும். பிட்லாக்கர் என்னும் பூட்டு இயங்கும் யந்திரமாயின் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் வைக்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் டிஸ்க் நன்றாயிருந்தும் உள்ளே இருப்பது உங்களுக்கே கிடைக்காமற் போகலாம்.

தமிழில் வேலை செய்வோருக்கு விசேஷமாக ஒன்று சொல்ல வேண்டும். பாமினி, வானவில், ஸ்ரீலிபி முதலான பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய பத்திரங்களும் மலர்களும் நோட்டீஸுகளும் நமது அச்சகங்களிலும் ஆபீஸுகளிலும் மலைபோல் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் அக்கோப்பைத் திறந்தால் தமிழ் தெரியாது. அர்த்தமற்ற அந்நிய எழுத்துக் கூட்டமே தெரியும். கோப்பு பத்திரமாக இருக்கும்; தமிழ் போயிருக்கும். ஆகவே கோப்போடு எழுத்துருவையும் கீபோர்டு மென்பொருளையும் சேர்த்து எடுக்க வேண்டும். தமிழ்நாட்டு சர்க்கார் 2010-ஆம் வருஷத்திலேயே யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்துவிட்டார்கள். முக்கியமான கோப்புகளையேனும் யூனிகோடுக்கு மாற்றி, காகிதத்தில் ஒரு அச்சுப் பிரதியும் எடுத்து வைப்பது உசிதம்.

இரண்டாவது, எத்தனை பிரதி? பீட்டர் குரோக் என்ற புகைப்பட நிபுணர் பிரபலப்படுத்திய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். மூலம் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, அந்தக் கட்டிடத்துக்கு வெளியே ஒன்று. வெளியே என்பதை வற்புறுத்துகிறோம். 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி ஜில்லாக்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மாத்திரம் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. வெள்ளம் புகுந்த கடையில் மேஜைமேல் கம்ப்யூட்டரும் மேஜையறையில் பிரதியும் இருந்தால் இரண்டும் ஒரே தண்ணீரில் நனையும். தென்காசிக் கடையின் பிரதி ஒன்று சங்கரன்கோவிலிலோ மதுரையிலோ உறவினர் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். அந்தரங்கமான கணக்காயின் பாஸ்வேர்டு இட்டுப் பூட்டிக் கொடுங்கள்.

மூன்றாவது, பிரதி எடுத்தவுடன் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். எப்போதும் செருகியே கிடந்தால் கொள்ளை மென்பொருள் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கூகிள் டிரைவ் முதலியவற்றில் தானாக ஒத்திசைந்துகொண்டிருக்கும் கோப்புறையை மாத்திரம் நம்புவோருக்கும் ஓர் எச்சரிக்கை: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பிரதி என்று எண்ணலாகாது. பென் டிரைவ் கோப்பை எடுத்துச் செல்ல உதவும். வருஷக்கணக்கில் வைத்துக் காக்க உதவாது.

நான்காவது, சோதித்தல். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2017-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப் என்னும் பெரிய மென்பொருள் ஸ்தாபனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக மூலத் தரவை அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு முறைகள் அவர்களிடம் இருந்தன. எடுத்துப் பார்த்தபோது ஒன்றும் நம்பத்தக்க நிலையில் இல்லை. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. அவர்கள் அதை மறைக்காமல் உலகறியச் சொன்னார்கள். அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம். கம்ப்யூட்டரே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது நேர்ந்தது. ஆகவே பிரதியை வேறொரு யந்திரத்தில் செருகி, போன வருஷத்துக் கணக்கு ஒன்று, ஒரு படம், ஒரு தமிழ்ப் பத்திரம் ஆகியவற்றைத் திறந்து கண்ணால் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி பிரதியாகாது.

இவ்வளவும் ஆன பிறகு மாற்றலாம். மாற்றிய பின்பும் பழைய பிரதியை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். ஒரு வருஷக் கணக்கு முடியும் வரையேனும் இருக்கட்டும்.

புதிய தளத்தை ஏற்காத யந்திரம் வைத்திருப்போர் என்ன செய்வது? தனி நபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷத் தவணையை மைக்ரோஸாப்ட் கம்பெனியார் அறிவித்தார்கள். தவணை என்பது கடன் தீர்ந்ததாக அர்த்தமாகாது. இன்னொரு வழி லினக்ஸ். சென்னையில் சி-டாக் ஸ்தாபனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நமது நாட்டுச் சரக்கு. 2011 முதல் தமிழ்நாட்டு சர்க்கார் மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு அதுவும் இடம்பெற்றது. அதைத் திறந்து பார்த்த மாணவர் எத்தனை பேர் என்று கேட்டால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கும். புளியரையைத் தாண்டினால் வரும் கேரளத்தில் சர்க்கார் பள்ளிக்கூடங்கள் நெடுங்காலமாகக் கட்டற்ற மென்பொருளையே கொண்டு பாடம் நடத்துகின்றன. மலைக்கு அந்தப் பக்கம் முடிவது இந்தப் பக்கம் ஏன் முடியாது? ஆனால் லினக்ஸுக்குப் போகிறவருக்கும் பிரதி விதி ஒன்றே. நிறுவும்போது ஒரு கேள்விக்குத் தவறாக விடையளித்தால் டிஸ்க் முழுவதும் துடைபட்டுவிடும். டாலியும் சில பிரிண்டர்களும் அதில் எளிதில் இயங்கா என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆராய்ந்து முடிவு செய்க. இரண்டும் ஆகாத யந்திரத்தை இன்டர்நெட் தொடர்பை அறவே துண்டித்து, அச்சடிக்க மாத்திரம் வைத்துக்கொள்வது மேல்.

"இதற்கெல்லாம் செலவாகுமே" என்பார்கள். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று சில ஆயிரம் ரூபாய். சாரல் காலத்தில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றுக்கு ஓரிரு நாள் வரும்படிக்குள் அது அடங்கும். கல்யாணப் படம் போனால் ஸ்டூடியோக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கல்யாணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அந்தப் படத்தில் இருந்த பாட்டியார் இன்று உயிரோடில்லை என்றால் என்ன சொல்லி ஈடு செய்வார்? பத்திர எழுத்தரின் யந்திரத்தில் இருக்கும் நகல்கள் ஒரு கிராமத்து நிலங்களின் ஞாபகம். இவற்றின் நஷ்டத்தை ரூபாயில் கணக்கிடுவது எங்ஙனம்?

தனிப்பட்டவர்களை மாத்திரம் குறை கூறிப் பயனில்லை. 2025-ஆம் வருஷம் செப்டம்பர் 26-ஆம் தேதி தென் கொரியாவில் தேஜான் நகரத்து சர்க்கார் தரவு நிலையத்தில் தீப்பிடித்தது. உத்தியோகஸ்தர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பகம், 858 டெராபைட் தரவோடு அழிந்தது. அளவு மிகப் பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளிப் பிரதி இல்லாமல் இருந்தது. கம்ப்யூட்டர் தொழிலில் உலகுக்கு முன்னணியில் நிற்கும் தேசத்தின் கதை இது. நமது தென்காசி ஜில்லா 2019-ஆம் வருஷம் நவம்பர் 22-ஆம் தேதி பிறந்தது, வயதில் இளையது. இளைய ஜில்லாவுக்கு ஓர் அனுகூலம் உண்டு: நல்ல வழக்கங்களை ஆரம்பத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளலாம். ஜில்லா ஆபீஸுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் ஊராட்சிகளிலும் ஆதரவு முடிந்த யந்திரங்கள் எத்தனை, பிரதி கடைசியாக எடுத்தது எப்போது, அதைத் திறந்து பார்த்தது எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கு வருஷந்தோறும் விடை வெளியிடுவார்களாயின் ஜனங்களுக்கு நம்பிக்கை உண்டாகும். இது குறைகூறல் அன்று, வேண்டுகோள்.

இன்னொரு வேண்டுகோள் ஊராருக்கு. குற்றாலத்துக்கு அண்மையில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ கம்பெனி அலுவலகம் நடத்தி வருகிறது. பல தேசத்து ஸ்தாபனங்களின் யந்திரங்களுக்குத் திருத்தங்களைப் பகிர்ந்தளிக்கும் மென்பொருளும் அக்கம்பெனி விற்கும் சரக்குகளில் ஒன்று. கம்ப்யூட்டர் படித்த இளைஞர் இந்தப் பகுதியில் ஏராளம். விளக்கின் அடியில் இருட்டு இருக்கலாமா? வருஷந்தோறும் சரஸ்வதி பூஜைக்கு முந்திய வாரத்தைப் பிரதி வாரமாக வைத்துக்கொள்ளலாம். வர்த்தக சங்கத்தார் இடம் கொடுக்க, கல்லூரி மாணவர்கள் வந்து, வர்த்தகர் கண்ணெதிரிலேயே, அவரவர் வாங்கி வந்த டிஸ்கில் பிரதி எடுத்துத் திறந்து காட்டிவிட்டுப் போகலாம். அந்தரங்கக் கோப்பு அந்நியர் கையில் தங்கலாகாது என்பது மாத்திரம் நிபந்தனை. ஏடுகளைத் தூசி தட்டி அடுக்கிப் பூஜையில் வைப்பது நம்மவரின் பழைய வழக்கம்; இந்த யோசனை அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே.

முடிவாக ஒன்று. தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலை 1446-ஆம் வருஷம் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், இக்கோயிலுக்கு வரக்கூடாத குறை ஏதேனும் பிற்காலத்தில் வந்தால் அதை நீக்கிக் காப்பவர் யாராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்று கல்லில் பொறித்து வைத்தான். அரசன் கட்டிய கோபுரம் அழியாது என்று அவன் பெருமை பேசவில்லை. குறை வரும் என்று எதிர்பார்த்தான். வந்தால் காப்பவர் வேண்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்தான். அவன் அஞ்சியபடியே கோபுரம் பிளந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்றது, காப்பவர் வந்தார்கள், 1990-ஆம் வருஷம் புதிய இராஜகோபுரம் எழுந்தது. கல்லையே நம்பாமல் முன்யோசனை செய்த மன்னனின் ஊரில் இருந்துகொண்டு, பத்து வருஷத்து யந்திரம் ஒன்றைக் கண்மூடி நம்புவது நமக்கு அழகன்று.

இதைப் படித்து முடித்தவர்கள் இன்று மாலை கடை அடைக்கு முன் கம்ப்யூட்டரை ஒரு முறை பார்த்து, தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம்: பிரதி எடுத்தோமா?